பாலாற்றில் வெள்ளம் விட்டவள்

பாலாற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்று பேசாத ஆள் ஆம்பூரில் கிடையாது. டீக்கடையில் பேசுவார்கள், மேடையில் பேசுவார்கள், தேர்தல் வந்தால் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். ஹுமேரா பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, இரு கரையும் புரள வெள்ளம் விட்டாள். கம்ப்யூட்டரில்தான். அந்த வெள்ளத்தால் ஊருக்கு எந்த நன்மையும் இல்லை. அவளுக்கு மட்டும் ஏகப்பட்ட திட்டு கிடைத்தது.

ஹுமேரா ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில், தோலை எந்த அளவில் வெட்டுவது என்று பேட்டர்ன் போடுகிறவள். முப்பதைத் தொடப்போகிறாள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட முதலில் ஒரு மாதிரி ஷூ செய்வார்களே, அது பிறக்கிற இடம்தான் சாம்பிள் ரூம். மாதிரி கடல் தாண்டிப் போகும். அங்கிருந்து கமெண்ட் வரும். முனை கொஞ்சம் உருண்டையாக இருக்கட்டும். தையல் இன்னும் நெருக்கமாக வேண்டும். இந்தப் பழுப்பு வேண்டாம், முதலில் காட்டிய பழுப்பே தேவலை. கமெண்ட் வந்தால் வாதம் கிடையாது, மாற்ற வேண்டியதுதான். வாதாடினால் ஆர்டர் வாணியம்பாடிக்குப் போய்விடும். இத்தனை வருடம் இதிலேயே ஊறியதில், யாராவது "ஒரு சின்ன கமெண்ட்" என்று வாயெடுத்தாலே ஹுமேராவின் கை தானாக அழிக்கப் போய்விடும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தக் கைதான் காரணம்.

அப்பா ரஃபி அகமதுவுக்கு பஜாரில் கடை. ஷூவுக்கான பக்கிள், நூல்கண்டு, லேஸ் எல்லாம் விற்பார். மனுஷருக்குக் குரல் பெரிசு. அவர் நலம் விசாரித்தாலே எதிர்க்கடைக்காரர் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார். அம்மி, அதாவது அம்மா, சுகரா பேகம் அதற்கு நேரெதிர், கண்ணாலேயே காரியத்தை முடித்துவிடுவார். வீட்டுக்குள் பேச்சு உருதுவில், வாசலைத் தாண்டினால் தமிழில். நமக்கு வசதியாக எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக்கொள்வோம்.

சாம்பிள் ரூமில் பக்கத்து மேசை பிரிசில்லாவுடையது. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் இருவருக்கும் ஒரே போன், ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. கதை சொல்கிற கேம்கள்தான் விளையாடுவார்கள். துப்பாக்கி இல்லை, பந்தயக் கார் இல்லை. ஒரு பெண் நடப்பாள், யாரையாவது பார்ப்பாள், பேசுவாள். அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. முடிவு சப்பென்று போனால் பிரிசில்லா, கேம் செய்தவன் எதிரில் நிற்பதுபோலத் திட்டுவாள். ஆனால் எவ்வளவு மட்டமான கேமையும் பாதியில் விட்டதில்லை. "ஆரம்பிச்சவன் இன்னாதான் சொல்ல வந்தான்னு தெரிஞ்சிக்காம எப்டிடி விடறது?" என்பாள்.

அந்த ஜோடியைப் பிரித்தது சென்னை. கம்பெனியின் டிசைன் ஆபீஸ் சென்னையில் இருக்கிறது. ஒரு மே மாதம் இருவரையும் அங்கே மாற்றினார்கள். ஹாஸ்டல் பார்த்தாகிவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை வண்டிக்கு ஆம்பூர் ஸ்டேஷனில் சந்திப்பதாகப் பேச்சு. பிரிசில்லா வந்தாள். ஹுமேரா வரவில்லை.

மதியத்துக்கு மேல் போனில் ஹுமேரா சொன்ன காரணம் இரண்டே சொல். "அப்பா விடல."

"சரி," என்றாள் பிரிசில்லா. அதற்குப் பிறகு ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாட்ஸாப்பில் ஸ்டிக்கர் போனதோடு சரி.

அந்தக் காரணம் பொய். அப்பா விடாமல் இல்லை. சொல்லப்போனால் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் நானே விடுகிறேன் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தார். "வேணாம்ப்பா, ஆட்டோல போய்க்கிறேன்" என்று கிளம்பியவள், ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய், உள்ளே போகிற கூட்டத்தைப் பார்த்தாள். இங்கே அவள் ஹுமேரா மேடம். அவள் போட்ட பேட்டர்ன் என்றால் வெட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவார். அங்கே அவள் யார்? அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அவளைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்துவிட்டால்? ஆட்டோவை பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பச் சொன்னாள். வாணியம்பாடி பஸ்ஸில் ஏறினாள், சென்னைக்கு நேர் எதிர்த்திசையில். அங்கே ஒரு பழரசம் குடித்தாள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, "மாத்தல கேன்சல் பண்ணிட்டாங்கப்பா" என்று வீட்டில் இன்னொரு பொய்யைச் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தார். "சரிம்மா, சாப்பிடு" என்றார்.

சாம்பிள் ரூமில் எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். "உங்கப்பா அந்தக் காலத்து மனுஷன் மேடம்" என்று ஆறுதல் சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டினாள். ஆட்டும்போதெல்லாம் உள்ளே ஒரு முள் குத்தும். மறுநாள் காலையில் அதே அப்பா அவளுடைய ஸ்கூட்டிக்குக் காற்று இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரிசில்லாவிடம் உண்மையை நேரில் சொல்ல வாய் வரவில்லை. போனில் டைப் செய்தால் இரண்டாவது வரியிலேயே அழித்துவிடுவாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பிரிசில்லா எந்தக் கதை கேமையும் பாதியில் விடமாட்டாள். அப்படியென்றால் ஒரு கேம் செய்ய வேண்டும். கடைசிக் காட்சியில் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் அங்கே வந்து சேர்ந்தே தீருவாள்.

இவ்வளவு சுற்றி வளைப்பதற்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்றால், போட்டிருக்கலாம். பயந்தாங்கொள்ளிகளுக்கு உழைப்பு எப்போதும் ஜாஸ்திதான்.

துணைக்கு வசந்த் வந்தார். முன்பு சாம்பிள் ரூமில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது காட்பாடியில் சாஃப்ட்வேர் வேலை. படம் ஹுமேரா வரைவாள், கேமாக ஓட வைப்பது வசந்த். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. 'ரெண்டாம் பிளாட்பாரம்' என்று பெயர் வைத்தார்கள். தோல் ஊர் ஒன்றில் நூரி, ஸ்டெல்லா என்று இரண்டு தோழிகள். சேர்ந்து வேலை செய்கிறார்கள், சேர்ந்து சென்னைக்குப் போகத் திட்டம் போடுகிறார்கள். நூரி ரயில் ஏறவில்லை. போனில் ஸ்டெல்லா ஏன் என்று கேட்கிறாள். நூரி சொல்கிறாள்: "யாரும் தடுக்கல. நாந்தான் பயந்துட்டேன்."

முதல் தடவை அதை ஓட்டிப் பார்த்ததும் வசந்த் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "மேடம், இத தொடாதீங்க. அப்டியே விட்ருங்க," என்றார்.

விட்டிருந்தால் நமக்குக் கதையே இல்லை. நாலு பேருக்குக் காட்டி கமெண்ட் வாங்குவோம் என்றாள் ஹுமேரா. கமெண்ட் வாங்காமல் ஒரு மாதிரியை முடிக்க அவளுக்குத் தெரியாது.

கமெண்ட் வந்தது. வசந்த்தின் ஆபீஸ் நண்பர் ஒருவர், கதாநாயகி கோழையாக இருப்பது பிடிக்கவில்லை என்று சொன்னார். மாற்றினாள். யாரோ தடுக்க வேண்டும், யார் தடுப்பது? ஊரே ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிற ஆள் இருக்கிறாரே. நூரியின் அப்பா வந்தார். பெரிய குரலில் கத்தினார், வாசலை மறித்தார். இன்னொருவர் ஆம்பூர் மாதிரி ஊரைக் காட்டிவிட்டு பிரியாணி இல்லையா என்று கேட்டார். அதையும் சேர்த்தாள். எங்கே சேர்க்க இடம் இருந்ததோ அங்கே. ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருக்க, நூரி உட்கார்ந்து நிதானமாக ஒரு பிளேட் சாப்பிட்டுவிட்டு, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வேண்டுமா வேண்டாமா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள்.

வசந்த் தலையில் கைவைத்தார். "மேடம், நாம ஷூ பண்ணல. எல்லாரும் சொல்றத எல்லாம் மாத்திக்கினே இருந்தா கடைசில நம்மளது இன்னா இருக்கும்?"

"நாலு பேர் சொல்றாங்கன்னா காரணம் இருக்கும் வசந்த் சார்."

ஒரு நாள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு டீ எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தால் அப்பா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் அவரைப் போலவே குல்லா, அவரைப் போலவே நரைத்த தாடி, அவரைப் போலவே முழங்கை வரை மடித்த சட்டை. கதவை மறித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார் அந்த ஆள்.

"கதைதான்ப்பா," என்றாள் ஹுமேரா.

அப்பா முழுசாகப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்க. தாடி கூட சரியா இருக்கு," என்றார். எழுந்துகொண்டே, "சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. கம்மி பண்ணிக்க," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஹுமேராவுக்கு அழுகை வந்துவிட்டது. கோபித்திருந்தால்கூட சமாளித்திருப்பாள். அன்றைக்கே அப்பாவை கேமிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்த இடம் ஓட்டையாக நின்றது. அதற்கு வழி சொன்னது அம்மி. "மழை பெய்யட்டுமே. மழைன்னா யார் மேலயும் பழி இல்ல பாரு." அப்படித்தான் பாலாற்றில் வெள்ளம் வந்தது.

கேம் வெளியானது. முதல் இரண்டு நாள் பாராட்டுதான். படம் அருமை, ஸ்டேஷன் அருமை, தோழிகள் பேசிக்கொள்வது நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கிறது என்றார்கள். மூன்றாவது நாள் ஒவ்வொருவராக முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். 'தொடர் மழை காரணமாகப் பாலாற்றில் வெள்ளம். இன்று ரயில்கள் ரத்து.' அதற்குக் கீழே 'நன்றி'. வாங்கிக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். "இவ்ளோ நேரம் கூட நடந்தேன், கடைசில ஸ்டேஷன் அறிவிப்பா?" என்று ஒருவர். "வாசல் கோலம் பிரமாதம், வீட்ல ஆளக் காணோம்" என்று இன்னொருவர். பெரிய யூடியூப்காரர் ஒருவர் விளையாடிக் காட்டினார். வெள்ளம் வந்ததும் கேமராவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "பிரியாணி நல்லா இருந்துச்சு மக்களே," என்று சொல்லி முடித்துக்கொண்டார். அந்த வீடியோவை கேமை விளையாடியவர்களைவிட அதிகம் பேர் பார்த்தார்கள்.

"விடுங்க மேடம்," என்றார் வசந்த். அவருக்கும் வலித்தது, குரலிலேயே தெரிந்தது. ஹுமேராவுக்கு யூடியூப்காரர் கவலை இல்லை. அவள் காத்திருந்தது ஒரே ஒருத்திக்கு. பிரிசில்லாவுக்கு லிங்க் அனுப்பியிருந்தாள். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. இப்போது அவள் விளையாடாமல் இருந்தாலே தேவலை என்றுகூடத் தோன்றியது. அந்த முடிவில்தான் எதுவுமே இல்லையே. வருடக்கணக்கில் உழைத்து, சொல்ல வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம், சாம்பிள் ரூமில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"ஏன்டி, மே மாசத்துல வெள்ளமா?" ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. பிரிசில்லாவேதான். "பாலாத்துல? மே மாசத்துல? அன்னிக்கி காலங்காத்தால ஸ்டேஷன்ல எனக்கு சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சி போச்சு, நீ இன்னாடான்னா படகு விடற?"

"இருபத்தொண்ணுல நெஜமாவே வெள்ளம் வந்துச்சேடி..."

"அது வேற வருஷம், அது வேற மாசம். பேஜார் பண்ணாத. நீ ஏன் வரல?"

பழக்கம் பொல்லாதது, பழைய இரண்டு சொல்லும் ஹுமேராவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. "அப்பா..."

"உங்கப்பாவ இழுத்தன்னா நேர்ல வந்து அடிப்பேன்." பிரிசில்லாவின் குரல் உடைந்தது. "உங்கப்பா அன்னிக்கி எங்கூடதான்டி நின்னுக்கினு இருந்தாரு. நீ சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டு போய்ட்டன்னு எடுத்துக்கினு ஓடி வந்தாரு. நான் ஒன்னத் தேடறேன், அவரும் ஒன்னத் தேடறாரு. வண்டி வந்துச்சு. வண்டி கெளம்பற வரிக்கும் ரெண்டு பேரும் வாசலயே பாத்துக்கினு நின்னோம். அப்புறம் டப்பாவ என் கையில குடுத்து, 'நீ சாப்டும்மா'ன்னாரு. அந்தக் கொரலுக்கு அவ்ளோ மெதுவா பேச வரும்னு அன்னிக்கிதான் எனக்குத் தெரியும்."

ஹுமேராவுக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அன்று அப்பா அவளைப் பார்த்த பார்வை. "சரிம்மா, சாப்பிடு." சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அவ்வளவு காலமாக ஊர் அவரைப் பழித்ததும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். பஜாரில் கடை வைத்திருப்பவர் காதில் எதுதான் விழாது? அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன்," என்றாள் பிரிசில்லா. "இந்த கேம் வந்ததும், சரி, இதுலதான் சொல்லப்போறன்னு நெனச்சி ஒக்காந்தேன். நீ எனக்கு பிரியாணி போடற."

"பயந்துட்டேன்டி," என்றாள் ஹுமேரா. அழுதுகொண்டே சொன்னாள். "ஸ்டேஷன் வாசல் வரிக்கும் வந்தேன். யாரும் தடுக்கல. நாந்தான் பயந்து போய்ட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். "இத ஏன்டி கேமுல வெக்கல?"

"மொதல்ல இதான் இருந்துச்சு. கமெண்ட் வந்துச்சு, மாத்திட்டேன்."

பிரிசில்லா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது அவளுக்கு. "கமெண்ட் வந்துச்சாம். தூ, சாம்பிள் ரூம் புத்தி!" என்று திட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியாக எடுத்துவைத்துத் திட்டினாள், மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பி வரும்வரை. அவ்வளவு திட்டையும் ஹுமேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளத்தை வடித்தாள், பிரியாணியைத் தூக்கினாள். பழைய முடிவைத் திரும்பக் கொண்டுவந்தாள். புதிதாக ஒன்று சேர்த்தாள். பிளாட்பாரத்தில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில், கையில் ஒரு டப்பாவோடு நிற்கிற மனிதர். அவருக்கு வசனம் கிடையாது. யாரிடமும் கமெண்ட் கேட்கவில்லை. வசந்த்துக்கு அனுப்பியபோது, "இது ஃபைனல்" என்று மட்டும் சொன்னாள். வசந்த் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பினார்.

சாயங்காலம் அப்பா கடைக் கணக்கெல்லாம் முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, போனை அவர் கையில் கொடுத்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தடித்த விரலால் தப்பும் தவறுமாக அமுக்கி, நூரியை இரண்டு தடவை சுவரில் முட்டவைத்து, ஒருவழியாகக் கடைசிக் காட்சிக்கு வந்தார். நூரி போனில் சொல்வதைக் கேட்டார். பிளாட்பாரத்தில் நிற்கிற மனிதரைப் பார்த்தார். ரயில் போன பிறகும் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அடுக்களையில் அம்மி பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "டப்பா மூடி பச்சை," என்றார். "நீ நீலம் போட்டிருக்க."

ஹுமேரா அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய குரல் மெதுவாக அவள் தலைக்கு மேலே கேட்டது. "அது உங்க அம்மியோட செட்டு டப்பா. இன்னும் அந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கு. நேர்ல போய் வாங்கிட்டு வா. ஸ்டேஷன்ல நான் விடறேன்."

"வண்டி கெளம்பற வரிக்கும் நிப்பீங்களாப்பா?"

"நீ ஏறுற வரிக்கும் நிக்கறேன். அதுக்கப்புறம் கடைய தொறக்கணும்."

அவள் எழுந்து போய், அந்த மூடியைப் பச்சையாக்கினாள்.